தோட்டத்து மனுவில் என் கையெழுத்து

நான் வாழும் சுவிஸ் ஊரில், சனிக்கிழமைகளில் கடைவாசலில் யாராவது அட்டையும் பேனையுமாக நிற்பார்கள். ஒரு சட்டம் வேண்டும் என்று கையெழுத்துச் சேர்ப்பவர்கள். வந்த புதிதில் ஒருவர் என்னிடம் "ஷ்வைட்சரின்?" என்று கேட்டார். நீ சுவிஸ்காரியா என்று அர்த்தம். எனக்கு அது 'ஷ்வெஸ்டர்', அதாவது சகோதரி, என்று கேட்டது. "இல்லை, ஒரு தம்பி இருக்கிறான்" என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார். இப்போது யாரும் கேட்பதுமில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அட்டையை மார்போடு சாய்த்துக்கொள்கிறார்கள். பதினோரு வருடமாக இந்த ஊர் ஹோட்டலின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிறேன். எனக்கு அந்த அட்டையின் முதுகு மட்டும்தான் தெரியும்.

போன மாதம் தம்பி செல்வம் இலங்கையில் எஹலியகொடைக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் இரப்பர் தோட்டத்திலிருந்து அழைத்தான். தொழிலாளர் வரிசை வீடுகள் நிற்கும் லயத்துக் காணியைக் குடியிருப்பவர்களுக்கே எழுதித் தரும் சட்டம் கேட்டு, பாராளுமன்றத்துக்கு மனுப் போடுகிறார்களாம். "என் பேரையும் போடு" என்றேன். தயங்கினான். போனை மனுக்குழுச் செயலாளரிடம் கொடுத்தான். அவர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"நீங்க இப்ப சுவிஸ்காரங்க தானேம்மா. இங்க உள்ளவங்க போட்டா போதும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா மரத்தில் பால் வெட்டி முடித்து, கை கழுவியும் போகாத இரப்பர் வாடையோடு, தோட்டத்து ஆட்களுக்கு மறுத்து வைத்திருந்த பிரஜாவுரிமைக் கடுதாசிக்காக நின்ற வரிசைகளில் நானும் நின்றிருக்கிறேன். ஒரு அரசாங்கக் கந்தோரில் தலை நிமிராமலே சிங்களத்தில் கேட்டார்கள்: "ஓயா இந்தியாவே நேத?" நீ இந்தியாக்காரன் தானே. அப்பா பிறந்தது எங்கள் அதே தோட்டத்தில். அந்தக் கடுதாசி அவர் கைக்கு வந்தபோது தலை நரைத்திருந்தது. அவரைப் பேச்சிலேயே இந்தியாவுக்குத் தள்ளினார்கள். என்னைச் சுவிஸுக்குத் தள்ளுகிறார் எங்கள் ஆளே.

"என்கிட்ட இருக்கிறது லங்கா பாஸ்போர்ட்ங்க. ஐடென்டி கார்ட்ல இன்னும் நம்ம தோட்டத்து அட்ரஸ்தான் இருக்கு."

"இருக்கட்டும்மா. நாளைக்கு தோட்டத்து தொரை கூப்பிட்டு மெரட்டினா நாங்கதான் நிக்கணும். நீங்க வருவீங்களா?"

அவர் கேட்டது நியாயம் என்பதால் கோபம் இன்னும் கூடியது. "படிவத்த அனுப்பச் சொல்லு" என்று, போனைத் திரும்ப வாங்கிய தம்பியிடம் கத்திவிட்டு வைத்தேன்.

என்னைப் போல் வெளியே இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். போனில் "ஆதரவு, ஆதரவு" என்று பேசிப் பிரயோசனமில்லை. கைதட்டுகிற படங்களை அனுப்பியும் பிரயோசனமில்லை. மனுவின் வாசகத்தை முழுதாக வாங்கி வாசியுங்கள். அதை முன்வைக்கப் போகும் பாராளுமன்ற உறுப்பினர் யார், வெளிநாட்டிலிருந்து வரும் கையெழுத்தை ஏற்பார்களா என்று முதலில் கேளுங்கள். ஏற்பார்கள் என்றால், அடையாள அட்டையில் உள்ளபடியே பெயரையும் இலக்கத்தையும் எழுதி, பேனையால் ஒப்பமிட்டு, மூலத்தாளையே தபாலில் அனுப்புங்கள். படம் பிடித்து அனுப்பினால் ஒதுக்கிவிட ஒரு சாட்டு கிடைத்துவிடும். உங்களை ஒதுக்கக் காத்திருப்பவர்கள் இரண்டு நாட்டிலும் இருக்கிறார்கள்.

உறுப்பினரின் ஆளிடம் செல்வமே கேட்டான். பிரஜை என்றால் சேர்க்கலாம் என்றார்களாம். நான் அனுப்பிய தாள் மூன்று வாரத்தில் போய்ச் சேர்ந்தது. மனுவைக் கட்டி முடிப்பதற்கு முன், என் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினான். தோட்டத்தின் பெயர், டிவிஷன், லய இலக்கம், கையெழுத்து, எல்லாம் என் எழுத்து. பெயருக்கு முன்னால் மட்டும் செயலாளரின் எழுத்தில், பென்சிலில் ஒரு சொல்: 'வெளியில்'.

"அழி" என்றேன்.

போனில் அவன் தேய்த்து அழிக்கும் சத்தம் கேட்டது.

"அழிச்சிட்டேன்க்கா. ஆனா அமுத்தி எழுதியிருக்காரு. தடம் தெரியுது."

"அப்படியே அனுப்பு" என்றேன்.