பூனைக்கண் வண்டி

புடவைக் கடையில் நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டால் போதும், என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பெருமூச்சு விடுவார். அதே மனுஷன் எங்கள் பிக்கப் வண்டிக்கு இரண்டே இரண்டு ஹெட்லைட் பல்ப் வாங்க ஒரு காலைப்பொழுதையே கரைத்தார். கடைக்கார பாய் ஒவ்வொன்றாக பேட்டரியில் வைத்து எரித்துக் காட்ட, இவர் மகனுக்குப் பெண் பார்க்கப் போனவர் மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதுவரை எங்கள் வண்டிக்கு ஒரு பக்கம் வெள்ளை வெளிச்சம், மறுபக்கம் அழுது வடியும் மஞ்சள். முன்பு ஒரு பல்ப் போனபோது கைக்குக் கிடைத்ததைப் போட்டதால் வந்த அலங்கோலம். ஸ்டாண்டில் எல்லோரும் பூனைக்கண் வண்டி என்று கிண்டல் செய்தார்கள். இவருக்கு அது மானப் பிரச்சினை. கடைசியில் ஒரே வெள்ளையில் பளிச்சென்று ஒரு ஜோடி மாட்டிக்கொண்டு வந்தார்.

தொண்ணூறுகளில் அந்த வண்டிதான் எங்கள் பிழைப்பு. விடிவதற்கு முன்னால் இருவரும் கீழ்பென்னாத்தூர் வரை காலியாகப் போவோம். இருட்டு பிரிவதற்குள் காய்கறி ஏற்றித் திரும்பி, திருவண்ணாமலை மார்க்கெட்டில் இறக்குவோம். திரும்பும் வழியில் ஒரு புளியமரம். அமாவாசை தவறாமல் பூசணிக்காய் அக்கா அங்கே காத்திருப்பார். கடைகளில் திருஷ்டி கழிக்க உடைக்கும் காய்கள் அவர் நிலத்தில் விளைபவை. அந்த ஒரு நாள் விற்பனையில்தான் அவர் வீட்டில் மாதம் முழுக்க அடுப்பெரியும். லாரிப் புழுதிக்குப் பயந்து மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர், எங்களைக் கண்டதும் ரோட்டுக்கு வந்து கைகாட்டுவார். ஆள் தெரியவில்லை என்றால் லோடு இல்லை என்று நாங்கள் போய்விடுவோம்.

புது பல்ப் போட்ட மறுநாள் அமாவாசை. ரோடு பகல் மாதிரி தெரிந்தது. இவர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினார். புளியமரத்தருகே கைகாட்ட யாரும் இல்லாததால் தாண்டி வந்துவிட்டோம்.

மார்க்கெட்டில் மூட்டை இறக்கும்போது, பஸ்ஸில் வந்திறங்கிய அக்கா நேரே எங்களிடம் வந்தார். முகம் வாடியிருந்தது. காய்கள் அங்கேயே மரத்தடியில் கிடக்கின்றனவாம். தூரத்தில் மஞ்சளும் வெள்ளையுமாகத் தெரிந்தால்தான் எழுந்து ரோட்டுக்கு வருவாராம். கண்ட வண்டியை இருட்டில் மறிக்கப் பயமாம்.

இவர் விஷயம் புரியாமல் புது பல்ப்பைப் பெருமையாகக் காட்டினார். "இப்ப ரோடு ஜோரா தெரியுதுக்கா."

"உனக்கு ரோடு தெரியுது. எனக்கு உன்னத் தெரியலியேப்பா."

அப்போதுதான் இவருக்கு உறைத்தது. எனக்கும் மனசு கலங்கிவிட்டது. உடனே மூவரும் திரும்பிப் போய்க் காய்களை அள்ளிக்கொண்டு வந்தோம். நல்லவேளை, கடைக்காரர்கள் சாயங்காலம்தான் உடைப்பார்கள். மதியத்துக்குள் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. அக்கா முகத்தில் சிரிப்பு வந்த பிறகுதான் எனக்கு டீ இறங்கியது.

அங்கிருந்து அக்காவையும் ஏற்றிக்கொண்டு நேராக பல்ப் கடைக்குப் போனோம். ஒரே ஒரு மஞ்சள் பல்ப் கேட்டதும் பாய் தலையில் அடித்துக்கொண்டார். நேற்று அத்தனை அலசலும் எதற்காம்? பிறகு எந்தப் பக்கம் மாட்ட வேண்டும் என்று கேட்டார். இவர் திருதிருவென்று விழித்து என்னைப் பார்த்தார். எனக்கும் நினைவில்லை. நாங்கள் என்றைக்கு எதிரே நின்று பார்த்தோம்?

அக்கா வண்டியிலிருந்து இறங்கினார். நாலடி நடந்து போய், வண்டிக்கு நேர் எதிரே நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். திரும்பி வந்து ஒரு பக்கத்து ஹெட்லைட் கண்ணாடியைத் தட்டி, "இதாம்பா மஞ்ச" என்றார்.