காயாத கறுப்பு

துறைமுக வீதியில் நான் படம் அச்சடித்துக்கொடுத்த அந்தச் சண்டைக் காலத்தில், என் அச்சியந்திரத்தின் கறுப்பு மையெல்லாம் மரண அறிவித்தல்களுக்கே போய்க்கொண்டிருந்தது. கொழும்பிலிருந்து அடுத்த மைக்குப்பி எப்போது வருமென்று எவருக்கும் தெரியாது. அப்படியிருக்க ஓர் அம்மா வந்து, மகளின் கல்யாணப் படத்தைக் கறுப்பு வெள்ளையில் பெரிதாக அடித்துத் தரச்சொல்லிக் கேட்டால் எனக்குக் கோபம் வராதா?

“நல்ல கலர்ப் படத்தை ஏனம்மா கெடுக்கிறீங்கள்?” என்றேன்.

“இவருக்குக் கலர் பிடிபடுதில்லை, பிள்ளை. கறுப்பையும் வெள்ளையையும்தான் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்பார். அதுவும் எத்தனை நாளைக்கோ.”

வாசல் கதிரையில் அவருடைய கணவர் இருந்தார். கிளிவெட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, அவர் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. கனடாவில் நடந்த கல்யாணத்துக்கு இருவராலும் போக முடியவில்லை; படம் மின்னஞ்சலில் வந்திருந்தது. மகளை மணக்கோலத்தில் அவர் இன்னும் காணவில்லை. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

முதலில் மினுங்கல் தாளில் அடித்தேன். கூந்தல் பாசி பிடித்த நிறத்தில் வந்தது. ஐயா மூக்கோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “புகையாக் கிடக்கு” என்றார். மையைக் கூட்டினேன், தாள் ஈரத்தில் சொதசொதத்ததே தவிர கறுக்கவில்லை. சனியன் பிடித்த இயந்திரம் என்று திட்டித் தீர்த்த பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது. மினுங்கல் தாளென்றால் அது கறுப்புக் குப்பியைத் தொடவே தொடாது. மற்ற மூன்று நிறங்களையும் கலந்து கறுப்பென்று ஒப்பேற்றிவிடும். மினுங்காத தடித்த தாளை வைத்து, கணினிக்கும் அதையே சொல்லி, முகத்தை வெளிச்சமாக்கி, நிழல்களை இருட்டாக்கினேன்.

வந்தது பாருங்கள் கறுப்பு! அடுப்புக்கரி தோற்கும். கூந்தல், புருவம், கண்மை எல்லாம் தனித்தனியாக நின்றன. கூடவே, கலரில் நான் கவனிக்காத ஒன்றும் நின்றது: இடக்கண்ணிலிருந்து கன்னம்வரை கரைந்து இறங்கிய கண்மை.

அம்மாவின் முகம் மாறியது. என் காதருகே குனிந்தார். “அதை அழிச்சுப்போட்டு வேற அடியுங்கோ, பிள்ளை. அவள் சிரிச்சுக்கொண்டு நிக்கிறாள் எண்டுதான் சொல்லி வச்சிருக்கிறன். தெரிஞ்சால் மனுசன் தாங்காது.”

அதுவும் சரியென்றே எனக்குப் பட்டது. அடித்த படத்தைக் காய யன்னலோரம் வைத்துவிட்டுக் கணினிக்குத் திரும்பினேன். கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே கதிரை நகர்ந்த சத்தம் கேட்டது. ஐயா தட்டித் தடவி யன்னலுக்குப் போய்ப் படத்தை எடுத்துவிட்டார்.

“ஐயோ, தொடாதேங்கோ ஐயா, இன்னும் காயேல்லை!”

கேட்டால்தானே. வெயிலில் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, நெற்றியிலிருந்து மெல்ல மெல்ல இறங்கினார். கன்னத்தில் நின்றார்.

“இஞ்சேரும்,” என்று மனைவியைக் கூப்பிட்டார். குரலில் அப்படியொரு சந்தோசம். “பிள்ளை அழுதிருக்கிறாளப்பா! போனில ஒவ்வொருமுறையும் சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்கேக்க, எங்களை மறந்துபோனாளோ எண்டெல்லோ நினைச்சனான்.”

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். நான் கணினியை நிறுத்தினேன்.

ஐயாவின் பெருவிரல் முழுக்கக் கறுப்பு.

“வேற அடிக்கவேண்டாம், பிள்ளை,” என்றார். “இதையே தாங்கோ.”