என் குரலுக்கு நான் கொடுத்த சம்மதம்

குண்டசாலை வீட்டில் அலுமாரிக் கதவு இரண்டையும் திறந்து, நடுவே ஒரு கதிரையைப் போட்டு, தலைக்கு மேல் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு வருடம் சனி ஞாயிறெல்லாம் ஒலிப்பதிவுக்காக வாசித்தேன். வெளியே முச்சக்கரவண்டி போனால் அந்த வசனத்தை மறுபடி வாசிக்கவேண்டும். தமிழ் எழுத்தை வாசித்துச் சொல்லும் மென்பொருளுக்கு ஒரு பெண்குரல் தேவையென்று, என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த நண்பன் கேட்டிருந்தான். நிரல் எழுதியது அவன். நான் அரச அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர்; எனக்குத் தெரிந்தது வாசிப்பு மட்டும். சம்பளம் கிம்பளம் ஒன்றும் கிடையாது, நான் கேட்கவும் இல்லை.

அவன் சொன்ன ஒரு காரணத்துக்காகத்தான் ஒப்புக்கொண்டேன். "இது கட்டற்ற மென்பொருள். ஆரும் எடுக்கலாம், திருத்தலாம். ஆனால் திருத்தினதைப் பூட்டி வைக்க ஏலாது, மற்றவைக்கும் அதே மாதிரிக் குடுக்கவேணும்" என்றான். அந்த நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பேராதனையில் படிக்கும் ஒரு மாணவிதான் அதை அதிகம் பாவித்தாள். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. பிறவியிலேயே பார்வை இல்லை. விடுமுறைக்குத் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போனாலும், இணையம் இல்லாமலே மடிக்கணினியில் என் குரல் அவளுக்குப் பாடம் வாசிக்கும். முதல்தடவை நேரில் சந்தித்து நான் வாய் திறந்ததும், "ஐயோ அக்கா, நீங்கதானா அது! ஒங்க கூடதான் நான் தெனமும் குடும்பம் நடத்துறேன்" என்று கைதட்டிச் சிரித்தாள்.

பிறகு நண்பனின் பேச்சு மாறத் தொடங்கியது. கட்டற்ற மென்பொருள் என்ற சொல் போய்த் திறமூலம் என்ற சொல் வந்தது. இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டேன். "ஓம், ஒண்டுதான். கட்டற்ற எண்டால் கம்பனிக்காரர் பயப்பிடுகினம். திறந்து வைச்சால் நாலு பேர் எடுப்பினம், சாமானும் திறமா வரும்" என்றான். ஒருநாள் மின்னஞ்சல் வந்தது: உரிமத்தை மாற்றப்போகிறோம், பங்களித்த எல்லோரும் சம்மதிக்கவேண்டும். பஸ்ஸில் நின்றபடி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் 'ஓம், சம்மதம்' என்று அனுப்பினேன். நாள் முழுக்க அடுத்தவர் ஆவணங்களை வரிவரியாகப் படிக்கிறவள், அதில் இரண்டாம் பந்திக்குப் போகவேயில்லை. அவனை நம்பினேன், வேறென்ன!

பிறகுதான் படித்தேன். அந்த நிபந்தனையைத் தூக்கிவிட்டிருந்தார்கள். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பூட்டியும் வைக்கலாம். கொழும்புக் கம்பனியொன்று அதை எடுத்தது, கையோடு அவனையும் வேலைக்கு எடுத்தது. கம்பனி அதிலிருந்து செய்த புதிய செயலி நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக்கூடாது. கணக்குச் சூத்திரத்தைக்கூட வாசிக்கிறது. ஆனால் இணையம் இருந்தால்தான் பேசும். பழையதைக் கவனிக்க ஆளில்லை. மாணவியின் கணினியைப் புதுப்பித்த அன்றோடு அது நின்றுவிட்டது. அவளுடைய லயத்தில் சிக்னல் கிடையாது. இறுதிப் பரீட்சைக்கு முந்திய படிப்பு விடுமுறையோ வந்துகொண்டிருந்தது.

பேராதனைச் சந்தியில் ஒரு கடையில் அவனைப் பிடித்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்: இணையம் இல்லாமல் பேசுகிற பிரதி ஒன்று, அந்தப் பிள்ளைக்கு மட்டும்.

"அது கம்பனியின்ரை. நான் எப்பிடிக் குடுக்கிறது?"

"குரல் என்ரை."

"நீதானே ஓம் எண்டு எழுதினனீ. பழசு இப்பவும் கிடக்கு, ஆர் வேண்டாமெண்டது?"

"அதைத் திருத்திற ஆள் நீ! உன்னையும் சேர்த்தெல்லே கொண்டுபோட்டாங்கள்!"

"விசர்க்கதை கதையாதை. முந்தி உன்ரை குரலைப் பத்துப்பேர் கேட்டவை. இப்ப நாடு முழுக்கக் கேக்குது. இதைவிட உனக்கு என்ன வேணும்?"

அவன் மனதறிந்து பொய் சொல்லவில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். சாமான் திறமா என்பதுதான் அவனுடைய கேள்வி. அதைப் பாவிக்கிறவளுக்கு அதன்மேல் உரிமை இருக்கிறதா என்பது என்னுடையது. ஒன்றாக ஒரே வேலையைச் செய்ததால் எங்களுக்கு ஒரே எண்ணம் என்று நினைத்துவிட்டேன். நினைத்தேனா, நினைக்கவைத்தானா? இன்றைக்கும் எனக்குக் கோபம் ஆறவில்லை. பிளேன்டீயைத் தொடாமலே எழும்பி வந்தேன்.

விடுமுறைக்கு ஊருக்குப் போன மாணவி நாலாம் நாளே திரும்பிவிட்டாள். தாயின் தோளைப் பிடித்தபடி என் அலுவலகத்துக்கு வந்தாள். "வீட்டுல ஒரு பக்கம்கூடப் படிக்க முடியலக்கா. அங்க அது என்னா சொல்லுதுன்னு கேளுங்க" என்று போனில் இணையத்தை நிறுத்திவிட்டுச் செயலியைத் தொட்டாள்.

"இணைப்பு இல்லை. வாசிக்க முடியாது. மன்னிக்கவும்."

என் குரல். அலுமாரிக்குள் இருந்து அப்படியொரு வசனத்தை நான் வாசித்ததே இல்லை. என் ஒலிகளை வெட்டி ஒட்டிச் செய்திருக்கிறார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சுக்கொள்ளம்மா" என்றேன்.

"பரவால்லக்கா," என்றாள். "நாலு நாளா அதத்தானே சொல்லிக்கிட்டு இருக்கீங்க."