மரகதம் எழுதிய லேசர் நிலைய வரலாறு

மரகதம் அம்மாள் காலமான செய்தி நம் லேசர் நிலைய ஓய்வூதியர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலை ஆறரை மணிக்கு வந்தது. அதில் மூன்று தவறுகள் இருந்தன. அவர் நூலகர்; உதவி நூலகர் என்று போட்டிருந்தார்கள். வீடு இருப்பது சிங்காநல்லூரில்; பீளமேடு என்று இருந்தது. படம் வேறொரு அம்மாளுடையது. அந்த அம்மாளும் குழுவில் இருக்கிறார். 'நான் நல்லா இருக்கேனுங்க' என்று அவர் எழுதிய பிறகும் கும்பிடும் கைகள் நிற்கவில்லை. இந்த மாதிரிக் குழப்பத்தைப் பத்து நிமிடத்தில் சரிசெய்யக்கூடிய ஒரே ஆளால் அன்று காலை வர முடியாமல் போய்விட்டது.

நம்மில் பலருக்கு அவர் 'நூலகத்தில் பேச வேண்டாமுங்க' என்று சொன்னவர். எனக்கு அவர் நம் நிலையத்தின் வரலாற்றை எழுதியவர். புத்தகத்தின் அட்டையில் அவர் பெயர் இருக்காது. உள்ளே தொகுப்புக் குழு என்று பதினோரு பெயர்கள் இருக்கும். அதில் பத்துப் பேரின் பங்களிப்பு, கூட்டத்துக்கு வந்த வடைகளை மீதி வைக்காமல் பார்த்துக்கொண்டது. நான் அந்தப் பத்தில் ஒருவன்.

நிலையம் ஏன் கோயம்புத்தூருக்கு வந்தது என்பது முதல் அத்தியாயம். 'இதமான காலநிலையும் அறிவுச் சூழலும்' என்று குழு காரணம் எழுதித் தந்தது. மரகதம் கிடங்கில் கிடந்த மூலக் கோப்பைத் தூசி தட்டி எடுத்துவந்தார். டெல்லி அதிகாரி ஒருவரின் குறிப்பு அதில் இருந்தது. லேசர் குழாய்க்கு வெற்றிடம் வேண்டும். வெற்றிடத்துக்குப் பம்பு வேண்டும். பம்புக்குக் கோயம்புத்தூர் பெயர்பெற்றது. எனவே கோயம்புத்தூர். இங்கே செய்வது கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் பம்பு என்பதும், குழாயிலிருந்து காற்றை இறைப்பது முற்றிலும் வேறு யந்திரம் என்பதும் அடிக்கல் நாட்டிய பிறகே டெல்லிக்குத் தெரிந்திருக்கிறது. மரகதம் இதை அப்படியே எழுதினார். இயக்குநர் கூப்பிட்டனுப்பினார்.

"ஏனுங்க மேடம், இது நமக்குக் கேவலமில்லீங்களா?"

"இதுல என்னங்க சார் கேவலம்? தப்பான காரணத்துக்கு வந்துபோட்டு, சரியான வேலை பாத்திருக்கோம். பெருமைதானுங்க."

பெருமை என்ற சொல் காதில் விழுந்ததும் இயக்குநர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எல்லா அத்தியாயங்களும் இப்படித் தப்பவில்லை. 'பின்னடைவுகள்' என்று ஒன்று எழுதியிருந்தார். 'நம் நிலையத்துக்குப் பின்னடைவுகள் இல்லை, தாமதமான வெற்றிகளே உண்டு' என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது. மரகதம் அசரவில்லை. தலைப்பைத் 'தாமதமான வெற்றிகள்' என்று மாற்றி, உள்ளே ஒரு வரியும் மாற்றாமல் மறுபடி அனுப்பினார். ஒப்புதல் ஆகிவிட்டது. "மேல இருக்கறவங்க தலைப்பைத்தானுங்க படிப்பாங்க. உள்ளே இருக்கறது நமக்கு" என்றார்.

அவர் உண்மையிலேயே சங்கடப்பட்டது ஐந்தாம் அத்தியாயத்தில். அது நம் நிலையத்தின் முதல் லேசர் கதிரைப் பற்றியது. ஹீலியமும் நியானும் அடைத்த ஒரு கண்ணாடிக் குழாய், அதன் இரு முனைகளிலும் இரண்டு சிறிய ஆடிகள். அவை மயிரிழை பிசகாமல் ஒன்றையொன்று பார்த்து நின்றால் எதிர்ச் சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். அதற்காக ஆடியின் திருகாணியைத் திருகிக்கொண்டு நாற்பது நாள் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் விஞ்ஞானி டாக்டர் முத்துசாமி. மற்றவர், குழாயை ஊதிச் செய்த கரீம் பாய். நாற்பத்தோராம் நாள் பிற்பகல் புள்ளி விழுந்தது. யார் திருகி விழுந்தது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் அன்றைய பக்கத்தில் 'வந்தது' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது.

மரகதமும் நானும் கோட்டைமேட்டில் கரீம் பாய் வீட்டுக்குப் போனோம். "அட, என்னைய எதுக்குங்க மேடம் கேக்கறீங்க? டாக்டருதாங்க. அவரு திருகுனாரு, பீம் வந்துச்சு. நான் பக்கத்துல நின்னேன், அவ்வளவுதாங்க" என்றார் பாய்.

அடுத்த வாரம் பஸ் ஏறிக் காங்கேயத்துக்குப் போனோம். ஓய்வுக்குப் பிறகு டாக்டர் அங்கே தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாய்தானுங்க அம்மணி. நான் அப்ப டீ குடிக்கப் போயிருந்தனுங்க" என்றார்.

மற்ற ஊர்களில் ஒரு கண்டுபிடிப்புக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடி நீதிமன்றத்துக்குப் போவார்கள். நம் ஊரில் இரண்டு பேரும் உரிமையைத் துறந்துவிட்டு, கேட்க வந்தவர்களுக்கு இளநீர் வெட்டித் தருகிறார்கள்.

குழு கூடியது. சாட்சிகள் இருவரும் மறுத்துவிட்டதால், முதல் கதிரை நிலையத்தின் முதல் இயக்குநரே வரவழைத்தார் என்று எழுதிவிட ஒருமனதாக முடிவாயிற்று. அப்போதைய இயக்குநர் அவருடைய மாணவர். முதல் இயக்குநர் அன்றைக்கு டெல்லியில் இருந்தார் என்று மரகதம் நினைவூட்டினார்.

"உடம்புதானுங்க மேடம் டெல்லில இருந்துச்சு? வழிகாட்டுதல் இங்கதானே இருந்துச்சு" என்றார் இயக்குநர். பத்து நாளில் புத்தகம் அச்சுக்குப் போகும், அதற்குள் வேறு பெயர் கிடைத்தால் பார்க்கலாம் என்றும் பெருந்தன்மையோடு சொன்னார்.

மரகதத்துக்கு அது பணியின் கடைசி மாதம். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் வராந்தாவில் நின்றுவிட்டார். "வேலைக்குச் சேந்ததுல இருந்து மத்தவங்க எழுதுனதையே அடுக்கி வெச்சிட்டிருந்தனுங்க. ஒரே ஒரு புஸ்தகம் நான் எழுதறேன். அதுலயும் பொய் இருந்தா, அதை எந்த அலமாரில கொண்டுபோய் வெக்கறது?" வடை தட்டை நான் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். கீழே வைப்பது மரியாதையாகப் படவில்லை.

மறுநாளே பாய் வீட்டுக்குப் போனோம். டெல்லியில் இருந்தவர் பெயர் அச்சாகப் போகிறது என்று கேட்டதும் பாய் வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"டாக்டருக்குத் தெரியக் கூடாதுங்க. தெரிஞ்சா சங்கடப்படுவாரு."

"தெரியாதுங்க பாய். சொல்லுங்க."

"அவரு டீ குடிக்கப் போனாரு. நான் சும்மா கால் சுத்து திருகினேனுங்க. பொட்டுனு செவுத்துல செவப்பா விழுந்துருச்சு. நாப்பது நாளா மனுசன் சோறு தண்ணி இல்லாமக் கெடந்தாரு. அவரு டீ குடிக்கப் போன நேரமாப் பாத்து நான் பேரு வாங்கிட்டா நல்லாருக்குங்களா? அதான், திருப்பித் திருகி அணைச்சுப்போட்டேன்."

"அணைச்சுட்டீங்களா!"

"ஆமாங்க. அவரு வந்ததும், வலப்பக்கம் கால் சுத்து பாக்கலாமுங்களான்னு கேட்டேன். திருகுனாரு. வந்துருச்சு. குழந்தையாட்டம் குதிச்சாருங்க."

பாய்க்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டே டாக்டரிடமும் உண்மையை வாங்க வேண்டும். காங்கேயத்தில் மரகதம் ஒரே கேள்விதான் கேட்டார்: "டீ குடிச்சுட்டுத் திரும்பி வந்தப்பறம் என்னங்க நடந்துச்சு?"

டாக்டர் தோப்பின் கோடிவரை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். அங்கே இரண்டு காங்கேயம் மாடுகளைத் தவிர யாரும் இல்லை. "பாய்க்குச் சொல்லிறாதீங்க அம்மணி. எந்திரிச்சுப் போறப்ப எல்லாம் திருகாணி மேல பென்சில்ல ஒரு கோடு போட்டுட்டுத்தான் நான் போவேன். அன்னைக்கு வந்து பாத்தா கோடு வெலகியிருக்குது. பாய் வேற கூரையைப் பாத்துட்டு நிக்கறாரு. அந்த மனுசன் பேசாம நின்னு நான் பாத்ததே இல்லீங்க. அப்பவே புரிஞ்சுபோச்சு."

"புரிஞ்சுமா குதிச்சீங்க?"

"குதிக்கலீன்னா பாய் மனசு கஷ்டப்படுமுங்களே."

திரும்பி வரும்போது பல்லடம் தாண்டியதும் மரகதம் பஸ் சன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். பிறகு சொன்னார்: "ரெண்டு பேருமே உண்மையத்தானுங்க சொல்லியிருக்காங்க. நாமதான் ஒத்தைப் பேரைத் தேடிட்டு அலைஞ்சிருக்கோம்."

சிங்காநல்லூரில் இறங்குவதற்குள் கைப்பையிலிருந்த காகிதத்தில் அந்த அத்தியாயத்துக்கான வாக்கியத்தை எழுதிவிட்டார். இப்போது புத்தகத்தில் இருப்பது அதுதான்: 'டாக்டர் முத்துசாமி, திரு. கரீம் ஆகிய இருவரும் பணியாற்றிய அறையில், அன்று பிற்பகல், நிலையத்தின் முதல் லேசர் கதிர் இரண்டு முறை வந்தது.' யார் ரகசியமும் வெளியே போகவில்லை. டெல்லியில் இருந்தவருக்கும் அதில் இடமில்லை. இயக்குநர் இதை வெளியீட்டு விழாவில் மைக்கில் வாசித்து, ஒருமுறை கிடைத்ததை மறுபடியும் சோதித்து உறுதிசெய்யும் நம் அறிவியல் மனப்பான்மைக்கு இதுவே சான்று என்றார். எல்லாரும் கைதட்டினோம். அன்றைக்கே பாய் மரகதத்துக்குப் போன் போட்டு, டாக்டருக்கு ஒன்றும் புரிந்திருக்காதல்லவா என்று கேட்டிருக்கிறார். பின்னாலேயே டாக்டரும் போன் போட்டு, பாயைப் பற்றி அதையே கேட்டிருக்கிறார்.

இறுதிச் சடங்கு நாளில் இரண்டு பேரும் சிங்காநல்லூர் வீட்டு வாசலில் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு மாலையோடு வந்து சேர்ந்தார்கள். வாசல் குறுகல்.

"நீங்க முன்னால போங்க டாக்டரே."

"இல்லீங்க பாய், நீங்க மூத்தவரு."

"படிச்சவரு நீங்க இருக்கறப்ப எப்படீங்க..."

பின்னால் தெருமுனைவரை ஆட்கள் நின்றுவிட்டார்கள். அழுது முகம் வீங்கியிருந்த மரகதத்தின் மகள் வெளியே வந்தாள். "ரெண்டு பேரும் ஒண்ணா வாங்க மாமா. யாரு மொதல்லன்னு கேக்கறதை எங்கம்மாவே உட்டுட்டாங்க. நீங்க அணைச்சதும் அவங்களுக்குத் தெரியும், உங்க பென்சில் கோடும் தெரியும்."

பாய் மெதுவாகத் திரும்பினார். "என்னங்க டாக்டரே பென்சில் கோடு?"

டாக்டர் மாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பாய் முழுதும் கேட்டார்.

"அடப்பாவி மனுசா! அப்பறம் எதுக்குங்க அந்தக் குதி குதிச்சீங்க?"

சாவு வீடு என்பதால் இருவரும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தோள்கள் குலுங்கியதைப் பார்த்து உறவுக்காரப் பெண்கள் மறுபடி அழத் தொடங்கினார்கள். இருவரும் பக்கவாட்டில் நுழைந்து, சேர்ந்தே உள்ளே போனார்கள்.

இதையெல்லாம் எழுதலாமா என்று பிறகு இருவரிடமும் கேட்டேன். 'அவரு சரின்னா எனக்குச் சரிங்க' என்று இருவருமே சொன்னார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் மகள் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தாள். ஐந்தாம் அத்தியாயத்தின் அச்சுப்படி. அந்த வாக்கியத்தின் ஓரத்தில் குழு உறுப்பினர் ஒருவர் சிவப்பு மையில், 'அதெப்படி இரண்டு முறை? ஒரு முறை என்று திருத்தவும்' என்று எழுதியிருக்கிறார். அது என் கையெழுத்து. எழுதியது எனக்கு நினைவில்லை; வடை நேரமாக இருந்திருக்கும். அதன் கீழே பென்சிலில் மரகதத்தின் பதில் இருக்கிறது: 'இரண்டுதான். நீங்களும்தானே கூட வந்தீர்கள்?'

அந்தத் தாளை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.