பக்கத்து சீட்

லிஃப்ட்காரர் கைவைத்த எதுவும் ஓடாமல் நின்றதில்லை. அந்த வட்டாரத்து அடுக்குமாடி லிஃப்ட்டுகளில் பாதி அவர் தயவில்தான் ஏறி இறங்கின. மாடிவீட்டு அம்மாவின் தையல் மிஷினோ, எதிர்வீட்டுத் தண்ணீர் மோட்டாரோ, எதைக் கொண்டுபோனாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாங்குவார். மறுநாள் ஓடவைத்துத் திருப்பிக் கொடுப்பார். அப்படிப்பட்ட மனிதரால் சொந்தக் கொட்டகையில் நிற்கும் ஒரு பழைய காரை மட்டும் கிளப்ப முடியவில்லையாம். கேட்பவன் கேனையனாக இருந்தால்தான் நம்புவான். ஆனால் அவர் ஊரை நம்பவைக்க நினைக்கவில்லை. தம்பி ஒருவர் நம்பினால் அவருக்குப் போதும்.

கார் அவர்கள் அப்பாவுடையது. சிவப்பு நிறம், துணிக் கூரை, ரோட்டிலேயே உட்கார்ந்திருப்பது போலத் தாழ்ந்த இருக்கை. பந்தயக் கார் வகை என்பதால் மொத்தமே இரண்டு சீட். ஒன்றில் அப்பா, மற்றொன்றில் எப்போதும் சின்னவன். பெரியவன் ஞாயிறு காலையில் எழுந்து வண்டியைக் கழுவுவான், சக்கரக் கம்பிகளைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பான், கேட்டைத் திறந்துவிட்டு நிற்பான். “நீ பெரியவன்டா. அடுத்த வாரம் போலாம்” என்பார் அப்பா. கார் போகும். பெரியவன் கேட்டைச் சாத்துவான். அந்த அடுத்த வாரம் அவனுக்கு மீசை முளைத்த பிறகும் வரவில்லை.

எல்லோருக்கும் இப்படி ஏதாவது ஒரு காயம் இருக்கத்தான் செய்யும். மற்றவர்கள் ஆறவிட்டுவிடுவார்கள். இவர் எண்ணெய் போட்டு, துரு ஏறாமல், அறுபது வயதுவரை பத்திரமாக வைத்திருந்தார்.

அப்பா போன பிறகு, ஓடாமல் கிடந்த வண்டி கொட்டகை வைத்திருந்த அண்ணன் வீட்டுக்கு வந்தது. தம்பி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. “நீ சரிபண்ணுண்ணே, நான் எடுபிடி வேலைக்கு வர்றேன்” என்றார். தம்பிக்கு மருந்துக்கடை. ஞாயிறு மதியம் கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறி வந்துவிடுவார். கடையிலிருந்து கையுறை, கார்பரேட்டர் துளைகளைத் துடைக்கப் பஞ்சுக் குச்சி, எண்ணெய் விட ஊசியில்லாத சிரிஞ்சு என்று ஏதாவது ஒன்று பையில் இருக்கும். டார்ச் பிடிக்கச் சொன்னால் பிடிப்பார், பிரேக்கை மிதிக்கச் சொன்னால் மிதிப்பார். ஸ்பேனர் எது, ஸ்க்ரூ டிரைவர் எது என்று தெரிந்துகொள்ளவே அவருக்கு ஒரு மழைக்காலம் ஆனது.

உண்மையில் வண்டி எப்போதோ சரியாகிவிட்டது. எஞ்சின் தலையைக் கழற்றி கேஸ்கெட் மாற்றி, இரண்டு கார்பரேட்டரையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, இரண்டும் ஒரே அளவில் மூச்சு இழுக்கிறதா என்று கேட்டுக் கேட்டு லிஃப்ட்காரர் திருகினார். வேலையில்லாத ஒரு புதன்கிழமை சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவன் வருவான். கதவைத் திறந்து, பிறந்ததிலிருந்து தனக்கென்று எழுதிவைத்ததைப் போல, பக்கத்து சீட்டில் போய் உட்காருவான்.

எஞ்சினை அணைத்தார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் இரண்டு கிளிப்பையும் தள்ளித் திறந்தார். உள்ளே ரோட்டர் என்று பழுப்பு நிறத்தில் ஒரு துண்டு இருக்கும், கட்டைவிரல் அளவு. அது சுற்றினால்தான் பிளக்குகளுக்கு மின்சாரம் போகும். அதை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் எப்பேர்ப்பட்ட வண்டியும் தகரம்தான். போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து இதுவே வழக்கமாகிவிட்டது. மற்ற நாட்களில் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு ரோட்டரை மாட்டி, கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் கேட்பார். தெருவில் எடுத்தால் யாராவது தம்பியிடம் சொல்லிவிடுவார்களே என்று ஓட்டவும் மாட்டார். ஞாயிறு காலையில் உருவிவிடுவார். மனைவிக்குத் தெரியும், காயப்போட்ட துணியெல்லாம் பெட்ரோல் வாடை அடித்தால் தெரியாமலா இருக்கும். “இது நல்லால்லைங்க” என்று ஒரு தடவை சொன்னார். “உனக்கு என்ன தெரியும்” என்று ஒரு தடவை பதில் வந்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தம்பி சாவியைத் திருப்புவார். வண்டி கரகரவென்று கத்தும், பிடிக்காது.

“இப்ப என்னண்ணே?”

“பிளக்குல கரி. அடுத்த வாரம் பாப்போம்.”

அடுத்த வாரம் பாயிண்ட் தேய்ந்திருக்கும். அதற்கடுத்த வாரம் பெட்ரோலில் தண்ணீர். லிஃப்ட்காரருக்குப் பொய் சரளமாக வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் தம்பியின் முகம் சுருங்குவதைப் பார்ப்பதற்காகவே வாரம் முழுக்கச் சுறுசுறுப்பாக வேலைக்குப் போனார்.

போன குளிர்காலத்தில் தம்பிக்கு நடந்தால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயத்தில் ஒரு வால்வு பழுது, அறுத்துத்தான் சரிசெய்ய வேண்டும் என்றார்கள். அதைச் சொன்ன அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் அண்ணனிடம் வாய்விட்டு ஒன்று கேட்டார்.

“ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரே ஒரு சுத்துண்ணே. பாலம் வரைக்கும் போயிட்டுத் திரும்பிடலாம். அப்பா கூட்டிட்டுப் போவாருல்ல, அதே மாதிரி.”

அப்பா கூட்டிக்கொண்டு போனது யாரை என்று கேட்க லிஃப்ட்காரருக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை. “இது கிளம்பினா நான் மாட்டேன்னா சொல்லப்போறேன்?” என்றார். ரோட்டர் நெஞ்சுக்கு நேரே பையில் இருந்தது.

ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிறும் தம்பி வந்தார். சாவியைத் திருப்பினார், பிடிக்கவில்லை. சும்மா அனுப்பியிருக்கலாம். லிஃப்ட்காரருக்கு அது போதவில்லை.

“பேட்டரி வீக்கா இருக்கும். தள்ளி ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமா?”

தம்பி அண்ணன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சரிண்ணே” என்றார்.

அண்ணன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டார். தம்பி பின்னால் போய்க் குனிந்தார். வண்டி மெல்ல நகர்ந்து தெருவுக்கு வந்தது. லிஃப்ட்காரர் இரண்டாவது கியரில் கிளட்சை விட்டார். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. “இன்னொரு தடவை” என்றார். கண்ணாடியில் தம்பியின் முகம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது, உதடு வெளுத்திருந்தது. லிஃப்ட்காரருக்கு உள்ளே இனித்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் இனித்தது.

ஜன்னலில் மனைவியின் குரல் கேட்டது. “என்னங்க, நெஞ்சுவலிக்காரரைப் போய்த் தள்ளச் சொல்றீங்களே, உங்களுக்குக் கொஞ்சமாவது இருக்கா?”

“நானாத்தான் தள்றேன் அண்ணி” என்றார் தம்பி. மறுபடி தள்ளினார். மறுபடி குலுங்கி நின்றது. அப்புறம் அவரால் முடியவில்லை. துணிக் கூரையில் கையை ஊன்றி நின்று, மூச்சு திரும்பியதும் சொன்னார்: “பரவால்லண்ணே. திரும்பி வந்து பாத்துக்கலாம். எப்பவாவது ஒருநாள் நீயா கிளப்பிருவ.”

அவர் பஸ்ஸுக்கு நடந்து போவதைப் பார்த்தபோது லிஃப்ட்காரருக்கு ஒரு நிமிஷம் மனசு இளகியது. நாளைக்கே மாட்டி, வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன? அப்புறம் கேட்டைச் சாத்திய ஞாபகங்கள் வந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து வரட்டும், பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்.

தம்பி ஆபரேஷன் மேஜையில் மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை.

எல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து தம்பி மனைவி வந்தாள். வீட்டுக்குள் வராமல் நேரே கொட்டகைக்குப் போனாள். லிஃப்ட்காரர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து பானெட்டின் மேல் வைத்தாள். பழுப்பு நிறம், கட்டைவிரல் அளவு. பித்தளை முனையில் ஒரு கீறல்கூட இல்லை, புத்தம் புதுசு.

லிஃப்ட்காரரின் கை தன்னிச்சையாகச் சட்டைப்பைக்குப் போனது. அவருடையது அங்கேயே இருந்தது.

“உங்க வண்டியோடதுதான் மாமா. நீங்க ஒரு தடவை டீ வாங்கப் போனப்ப மூடியத் தொறந்து பாத்திருக்காரு. உள்ள ஒண்ணும் இல்லையாம். பார்ட்ஸ் கடையில விசாரிச்சு, தேடித்தேடி வாங்கினாரு.”

“எப்ப?”

“ரெண்டு வருஷம் இருக்கும். வர்றப்பல்லாம் பையில வச்சுக்கிட்டுத்தான் வந்தாரு. நீங்களே போட்டு ஓட்டிட்டுப் போயிருங்களேன்னு நான்கூடக் கத்துவேன். ‘அண்ணன் வண்டி, அவராக் கூப்பிடணும். அப்பா கூப்பிட்டாதான நான் ஏறுவேன், அதே மாதிரி’ம்பாரு.” அவள் அழவில்லை. அழுதிருந்தால் லிஃப்ட்காரருக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். “அன்னைக்குத் தள்ளும்போதும் இது அவர் பையிலதான் இருந்துச்சு.”

லிஃப்ட்காரர் பானெட்டைத் தூக்கினார். கிளிப்பைத் தள்ளி மூடியைத் திறந்தார். தம்பி வாங்கியதை மாட்டி, மூடியைப் போட்டு, சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. ஓடிப்போய்ப் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

“ஏறும்மா. பாலம் வரைக்கும் போயிட்டு வந்துரலாம்.”

“எனக்கு எதுக்கு மாமா” என்றாள் அவள். “பஸ் இருக்கு.”

அவள் போய்விட்டாள். திறந்த கதவு திறந்தபடியே இருந்தது.  லிஃப்ட்காரர் குனிந்து, பிறந்ததிலிருந்து ஒருநாள்கூட உட்கார்ந்திராத அந்த சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார். ஸ்டியரிங்கில் ஆளில்லாமல் எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குறையும் இல்லை. அவர் அழுதுகொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

புகை வாடைக்கு மனைவி வந்து எட்டிப் பார்த்தார். நடந்தது என்னவென்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜன்னலில் எல்லாம் கேட்டிருந்தது. உள்ளே கைவிட்டுச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

“அடுத்த வாரம் போலாம்” என்றார். “இறங்குங்க.”