மைதீன் பாயின் சொம்புத் தண்ணீர்

சிம்மக்கல் கடையில் வெங்காய மூட்டை இறங்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. லோடு ஆட்டோக்காரர் வண்டியை விட்டு இறங்காமலே சொன்னார். “அக்கா, சமயநல்லூரு மைதீன் பாய் மௌத்தாயிட்டாகளாம். காலைல பட்டறை ஷட்டரத் தூக்கும்போதே நெஞ்சப் பிடிச்சு உக்காந்துட்டாகளாம்.” நான் “யாரு?” என்றேன். காதில் விழாமல் இல்லை. இன்னொரு தடவை சொன்னால் வேறு பெயராக இருந்துவிடாதா என்றுதான் கேட்டேன்.

அடக்கத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். உள் அறையில் பெண்களுக்கு நடுவில் அவர் மனைவி செய்னப் உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பிடித்து அழுதாள். அழுகை அடங்கியதும் மெதுவாகக் கேட்டாள். “அக்கா, நீங்கதான அன்னைக்கு வண்டிக்குள்ள இருந்தீக. அந்தத் தண்ணி எப்படிக்கா சிந்துச்சு? எம்புட்டோ தடவை கேட்டுட்டேன். சிரிச்சுட்டே போயிருவாக. ஒரு நாளும் சொல்லல.”

நான் “கல்லு மேல ஏறுச்சு தங்கச்சி, அதான்” என்றேன். பாயின் மய்யித்தை வாசலில் கிடத்தியிருக்கும்போதே அவர் மனைவியிடம் பொய் சொன்னேன். ஜீப் சங்கத்துக்காரர்களே, இதைப் படிக்கும் உங்களில் பலர் அன்றைக்குக் கண்மாயில் நின்று சிரித்தவர்கள். உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். என் பேத்தி தாரணி ஜீப் பந்தயத்தில் கோப்பை வாங்கிய கதையை உங்கள் சங்கத்து மலருக்கு எழுதச் சொன்னீர்கள். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். செய்னப் கேட்ட கேள்வி எழுத விடவில்லை.

பாயை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டாம். மெக்கானிக் என்று யாரும் நம்ப மாட்டார்கள். வெள்ளைச் சட்டையில் ஒரு கறை இருக்காது. தாடிக்கு மருதாணி, கண்ணுக்குக் கூலிங் கிளாஸ். தாரணி முதல் தடவை ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்தியபோது வண்டியைச் சுற்றி வந்துவிட்டு, “யாரும்மா இதுக்கு ஷாக் அப்சார்பர் போட்டது? கட்டில் காலா?” என்று கேட்டார். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “ஏன் மாமா, நீங்க என்ன தொட்டிலாக்கும் போட்டுத் தருவீக?” என்றாள். “உங்க அம்மாச்சியப் பின்னாடி உக்கார வைப்பேன். மடியில நிறைசொம்புத் தண்ணி இருக்கும். கண்மாயச் சுத்தி வருவோம். ஒரு சொட்டு சிந்தாது” என்றார். பந்தயம் கட்டினதுபோல என்னைப் பார்த்தார். நான் முன்பின் யோசிக்காமல் “சரி தம்பி” என்று சொல்லிவிட்டேன்.

அதுதான் அவருடைய சோதனை என்பது மதுரைப் பக்கம் ஜீப் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். அவர் என்ன செய்கிறார் என்று எனக்கும் ஒருநாள் விளக்கினார். குலுக்கலைத் தாங்குகிற அந்த ஷாக்குக்குள் எண்ணெய் இருக்கிறது. சக்கரம் மேலே எழும்பும்போது அந்த எண்ணெய் சின்னத் துளை வழியாக அந்தப் பக்கம் போக வேண்டும். துளையை மெல்லிய தகடுகள் மூடியிருக்கின்றன. மெதுவான மேடு என்றால் எண்ணெய் நிதானமாகப் போய்விடும். கூரான கல்லில் வேகமாக மோதினால் எண்ணெய்க்கு அவசரம். அப்போது தகடு வளைந்து வழிவிட வேண்டும். விடாவிட்டால் எண்ணெய் இறுகி இரும்புத் தடி மாதிரி ஆகி, அடி முழுவதும் மேலே இருக்கிற ஆளுக்கு வந்துவிடும். ரொம்ப மெல்லிசாக வைத்தாலோ சக்கரம் ஒரேயடியாக ஏறி வண்டியின் உடம்புத் தகரத்தில் முட்டும். “கல்லு வந்தா சக்கரம்தான்க்கா ஏறணும், ஆளு ஏறக் கூடாது” என்பார். தகடுகளைப் பிரித்து, மாற்றி அடுக்கி, மறுபடி பூட்டி, என்னை ஏற்றுவார்.

ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் கேட்பார். “எங்க இடிச்சுச்சுக்கா? இடுப்புலயா, கழுத்துலயா?” நான் ஒவ்வொரு தடவையும் “எங்கயும் இடிக்கல தம்பி” என்பேன். கடையில் மூட்டை தூக்கிய உடம்பு, வயசானாலும் அசையாது என்று காட்டிக்கொள்ள எனக்கு ஆசை. நீங்கள் எல்லாரும் சுற்றி நின்று “அக்கா கல்லு மாதிரி இருக்காகப்பா” என்று சொல்வதைக் கேட்க அதைவிட ஆசை. என் வார்த்தையை நம்பி அவர் தகட்டை அப்படியே விட்டார். குத்து இருந்தது. இடுப்பிலும் இருந்தது, அதற்குக் கீழேயும் இருந்தது. நான் சொம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டதால் தண்ணீர் தப்பித்தது. வாங்கியது என் உடம்பு.

பந்தயத்துக்கு முன்னால் வாடிப்பட்டி தாண்டி, வற்றிக் கிடந்த கண்மாயில் கடைசிச் சோதனை. நீங்கள் டீ டம்ளரோடு கரையில் நின்றீர்கள். இரண்டு பேர் தங்கள் வண்டியையும் பாயிடம் விடலாமா என்று பார்க்க வந்திருந்தார்கள். தாரணி ஓட்டினாள். பாய் அவள் பக்கத்தில், நான் பின்னால். வரப்பெல்லாம் சுகமாகத்தான் ஏறி இறங்கியது. கண்மாய்த் தண்ணீர் வழிகிற கலுங்கில் ஒரு கல் படி உண்டு. அதில் வேகமாக ஏற்றினாள். நங்கென்று ஓர் அடி. அடுத்த கல்லிலும் அதே.

சொம்பில் ஒரு சொட்டு சிந்தவில்லை.

ஆனால் நான் நனைந்துவிட்டேன். மூன்று பிள்ளை பெற்ற உடம்பு. தும்மினாலே கொஞ்ச நாளாகச் சொன்ன பேச்சு கேட்பதில்லை. மகளிடம்கூட இதைச் சொன்னதில்லை. அன்றைக்கு மாம்பழ மஞ்சளில் புதுப் புடவை கட்டியிருந்தேன், நீங்கள் படம் எடுப்பீர்கள் என்று. ஈரம் பரவுவது எனக்கே தெரிந்தது. சீட்டிலும் தெரிந்தது. வண்டி உங்களை நோக்கித் திரும்பிவிட்டது. எல்லார் கையிலும் போன். அப்படியே கண்மாய் மண் பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது.

பாய் சொம்பைப் பார்க்கத் திரும்பினார். சொம்பைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கூலிங் கிளாஸைக் கழற்றவில்லை. கையை நீட்டிச் சொம்பை வாங்கினார். என் மடியில் பாதி, சீட்டில் பாதியாக ஊற்றினார். காலிச் சொம்பைத் திரும்ப என் கையில் வைத்துவிட்டு, “நிறுத்தும்மா நிறுத்து, சிந்திருச்சு!” என்று கத்தினார். பாதையையே பார்த்துக்கொண்டிருந்த தாரணிக்கு எதுவும் தெரியாது.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். “என்ன பாய், ஒரு சொட்டு சிந்தாதுன்னீக? அக்கா வைகையில முங்கிட்டு வந்த மாதிரில வாராக!” என்றீர்கள். “கட்டில் காலே தேவலை போலயே மாப்ள” என்றார் இன்னொருவர். பாய் தன் தோள் துண்டை எடுத்து என்னைச் சுற்றிப் போர்த்தினார். “இன்னும் பிரிக்கணும்ப்பா. என் கணக்கு தப்பிப்போச்சு” என்று சிரித்தார். வண்டி விட வந்த அந்த இரண்டு பேரும் விடாமலே போனார்கள். அன்றிலிருந்து அவருக்குச் சொம்பு பாய் என்று பெயர் வைத்தீர்கள். தன் வேலையைப் பற்றி அம்புட்டுப் பெருமை பேசுகிற மனுஷன், அந்தப் பெயருக்கும் திரும்பிப் பார்த்தார். நான் அவர் துண்டுக்குள் உட்கார்ந்து, உங்களோடு சேர்ந்து சிரித்தேன்.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். தாரணியை டீ வாங்க அனுப்பிவிட்டு, கழற்றிய ஷாக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “அக்கா, உங்க வாயி சொல்றத நம்பி வேலை பாத்துட்டேன். இப்ப நெசத்தச் சொல்லுங்க. அந்தக் கல்லுல எம்புட்டு குத்து?” முதல் தடவையாக உள்ளது உள்ளபடி சொன்னேன். எங்கே இடித்தது, எப்படி ஏறியது என்று. அதற்கு மேல் அவர் போகவில்லை. “உங்க உடம்பு பொய் சொல்லலக்கா, என் தகடுதான் வழி விடல” என்றார். தகடுகளை மாற்றினார். அடுத்த தடவை அதே கலுங்குக் கல்லில் ஏறியபோது, சக்கரம் ஏறியதைச் சத்தத்தில்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஷாக்கோடுதான் தாரணி பந்தயத்தில் ஜெயித்தாள். சிம்மக்கல் முழுக்க லட்டு கொடுத்து, “என் பேத்தி, என் பேத்தி” என்று சொல்லி வந்தேன். மைதீன் தம்பி பெயரை ஒரு கடையிலும் சொல்லவில்லை. சொன்னால் யாராவது சொம்புக் கதையை எடுப்பார்கள் என்று பயம்.

அவர் யாரிடமாவது சொல்லியிருப்பார் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். மனைவியிடமாவது சொல்லாமல் இருப்பாரா? அந்த நினைப்பிலேயே அவரைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனேன். செய்னப் கேட்ட பிறகுதான் தெரிந்தது, அவளிடம்கூடச் சொல்லவில்லை என்று. இத்தனை பேர் கேலியை என் ஒருத்திக்காக வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் துண்டு என்னிடம்தான் இருக்கிறது. துவைத்துக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன். கொடுத்தால் பேச வேண்டிவரும் என்று கொடுக்கவில்லை. இனி அது என்னுடையது, அந்த வெட்கத்தோடு சேர்த்து.

செய்னப், நீ வெளியே வராமல் இத்தாவில் இருக்கிறாய். உன் மகள் இதை உனக்குப் படித்துக் காட்டுவாள். மற்றவர்களும் கேட்டுக்கொள்ளட்டும். உன் வீட்டுக்காரர் போட்ட ஷாக்கில் அன்றைக்கு ஒரு சொட்டும் சிந்தவில்லை தங்கச்சி. அந்தத் தண்ணீரை அவர்தான் ஊற்றினார், எனக்காக.