அக்காவுக்குத் துணை போனது

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது வீட்டில் ஒரு பொறுப்பான வேலை கிடைத்தது. பின்னேரங்களில் அக்கா ரியூசனுக்குப் போகும்போது நானும் சைக்கிள் கரியரில் ஏறிப் போக வேண்டும். வகுப்பு முடியும்வரை வாசலில் இருந்துவிட்டு அவளோடு திரும்பி வர வேண்டும். அக்காவுக்குப் பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். உடையார்கட்டிலிருந்து அவ்வளவு நாளும் தனியாகப் போய் வந்தவளுக்குத் திடீரென்று ஏன் துணை தேவைப்பட்டது என்று நான் யோசிக்கவில்லை. என்னை நம்பி ஒரு வேலை தந்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

அம்மா மாதம் ஒரு பக்கெற் நப்கின் வாங்கி அக்காவுக்கென்று அலுமாரியின் கீழ்த்தட்டில் வைப்பார். அந்த முறை இரண்டு பக்கெற்றுகள் உடைக்காமலே கிடந்தன. அம்மா அடிக்கடி அலுமாரியைத் திறந்து பார்ப்பதையும், பிறகு அக்காவின் வயிற்றைப் பார்ப்பதையும் நான் கவனித்திருக்கிறேன். அக்கா கொஞ்சம் தடித்திருந்தாள். புத்தகத்தின் மேலேயே தூங்கி விழுந்தாள். நாங்கள் எல்லோரும் வெக்கையில் விசிறிக்கொண்டிருக்க, அவள் குளிருகிறது என்று போர்த்துக்கொண்டு படுத்தாள். தலை இழுத்தால் சீப்பு நிறைய முடி வந்தது. இவை எல்லாவற்றுக்கும் அம்மா ஒரே ஒரு காரணத்தைத்தான் மனதில் வைத்திருந்தார். அதை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

பெரியம்மாவிடம் மட்டும் பாதி சொல்லியிருக்க வேண்டும். அவர் வந்து போன பிறகு வீட்டில் எள்ளுருண்டையும் பப்பாசிப்பழமும் குறைவில்லாமல் கிடைத்தன. உடம்புக்குச் சூடு தரும் சாப்பாடு கொடுத்தால் வந்துவிடும் என்று பேச்சு. எது வந்துவிடும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அக்கா மிச்சம் வைத்ததையெல்லாம் நான் சாப்பிட்டேன்.

ரியூசன் முடிந்து வந்ததும் அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிடுவார்.

“அக்கா இண்டைக்கு ஆரோட கதைச்சவா?”

ஒருவரோடும் இல்லை என்றுதான் முதல் வாரம் முழுக்கச் சொன்னேன். அம்மா நம்பியதாகத் தெரியவில்லை. என் வேலையை நான் சரியாகச் செய்யவில்லையோ என்று எனக்குப் பட்டது. அடுத்த வாரம், கூடப் படிக்கிற பெடியன் ஒருவன் அக்காவிடம் வாங்கின கொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். அதை அப்படியே சொன்னால் சப்பென்று இருக்கும். மோட்டார் சைக்கிளில் ஓர் அண்ணா வந்ததாகவும், கன நேரம் நின்று கதைத்ததாகவும் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது.

மறுநாள் அக்காவின் ரியூசன் நின்றது. “வீட்டில இருந்து படி” என்றார் அம்மா. அக்கா காரணம் கேட்டாள். அம்மா குசினிக்குள் போய்விட்டார். பிறகு அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். எனக்கோ சைக்கிள் சவாரி போய்விட்டதே என்ற கவலைதான்.

இப்படியே இன்னும் இரண்டு மூன்று மாதம் போனது. ஒருநாள் பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்க வந்த மிட்வைஃப் மிஸ், தண்ணீர் குடிக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது அக்கா. அவளுடைய வீங்கின முகத்தையும் கழுத்தையும் மிஸ் உற்றுப் பார்த்தார். அவள் உள்ளே போனதும் அம்மாவிடம் திரும்பினார்.

“பிள்ளைக்குப் பீரியட்ஸ் ஒழுங்கா வருதோ?”

அம்மா ஓம் என்று தலையாட்டினார். தெரிந்த கேள்விக்கு அம்மா பிழையான விடை சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

“இல்லை மிஸ், அலுமாரிக்குள்ள அஞ்சு பக்கெற் உடைக்காமக் கிடக்கு. அம்மா ஒவ்வொரு நாளும் பாக்கிறவா.”

அம்மா என்னை அடிக்கவில்லை. கதிரையில் இருந்துவிட்டார். பிறகு மிஸ்ஸின் காதோடு ஏதோ சொன்னார்.

“அப்பிடியெண்டாலும் காட்டத்தானே வேணும் அம்மா” என்றார் மிஸ். “அது இல்லாட்டியும் காட்ட வேணும். வயசுக்கு வந்த முதல் ஒண்டு ரெண்டு வருசம் முன்னப்பின்னத்தான் வரும், அதுக்குப் பயப்பிடத் தேவையில்லை. ஒழுங்கா வந்துகொண்டிருந்தது மூண்டு மாசம் நிண்டால் பிறகு பாத்துக்கொண்டிருக்கக் கூடாது. ரத்தம் ஒரு கிழமைக்கு மேல போனாலும், கனக்கப் போனாலும் அப்பிடித்தான். எள்ளுருண்டையை நம்பி இருக்காதேங்கோ.”

அந்த வாரமே மூன்று பேருமாகக் கிளிநொச்சிக்கு பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மாவையும் என்னையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அக்காவோடு தனியாகக் கதைத்தார். முதலில் சிறுநீரைச் சோதித்தார்கள். நேர்ஸ் வந்து, நீங்கள் பயந்தது ஒன்றுமில்லை என்று சொன்னபோது அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர ஒரு கிழமை எடுத்தது. கழுத்திலே இருக்கிற தைரொயிட் சுரப்பி சரியாக வேலை செய்யவில்லையாம். நித்திரையும் குளிரும் முடி கொட்டியதும் உடம்பு ஊதியதும் மாதவிடாய் நின்றதும் எல்லாம் அதனால்தானாம். மற்றப் பிள்ளைகளுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம், சோதித்தால்தான் தெரியும் என்று டொக்டர் சொன்னார். விடிய எழும்பியதும் வெறும் வயிற்றில் குளிசை. மூன்றாம் மாதம் அக்காவுக்கு வந்துவிட்டது. அதற்கு முன்பே ரியூசனுக்கும் போகத் தொடங்கிவிட்டாள், தனியாக. இன்றைக்கும் குளிசை போடுகிறாள், நன்றாக இருக்கிறாள். மோட்டார் சைக்கிள் அண்ணாவைப் பற்றிப் போன வருடம்தான் அவளிடம் ஒப்புக்கொண்டேன். அன்றைக்கே தெரியும் என்றாள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த நாளில் கிளிநொச்சி பஸ் நிலையத்தில் அம்மா ஓர் ஐஸ்கிறீம் வாங்கினார். ஒன்றே ஒன்று, அதுவும் அக்காவுக்கு. எனக்குச் சரியான கோபம். பஸ்ஸில் அம்மா அக்காவின் பக்கத்தில் நெருங்கி இருந்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டே வந்தார். அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள். பரந்தன் தாண்டும்போது ஐஸ்கிறீம் உருகி அவள் விரலில் வழிந்தது. ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் அதை என்னிடம் நீட்டினாள்.

அம்மா மன்னிப்புக் கேட்டதும் அக்கா அதை ஏற்க மறுத்ததும் என் கண்முன்னால்தான் நடந்தன. எனக்கு அன்று விளங்கியது, அக்காவுக்கு வனிலா பிடிக்காது என்பது மட்டும்தான். முழுவதையும் நானே சாப்பிட்டேன்.